தெல்மாவைக் காணோம்

தெல்மாவின் சவப்பெட்டி திரைக்குப் பின்னால் நகரத் தொடங்கிய நேரத்தில் ஹேசலின் கைப்பைக்குள் ஒரு ஆடு கத்தியது.

சாதாரணக் கத்தல் இல்லை. தெல்மாவுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. கிரிம்ஸ்பி மீன் தொழிற்சாலையில், உறைய வைக்கும் இயந்திரத்துக்கு இடது காதைக் கொடுத்துப் பாதி ஆயுளை நின்றே கழித்தவள். அதனால் அவளுடைய கைபேசி எப்போதும் உச்ச சத்தத்தில்தான் இருக்கும். எரியூட்டு மண்டபத்தின் உயரமான கூரை அந்த 'மே'யை வாங்கிக்கொண்டு நிதானமாகத் திருப்பிக் கொடுத்தது. பாதிரியார் வாயைத் திறந்தபடி நின்றார். பின் வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

அக்கா போனதிலிருந்து அந்தக் கைபேசியை ஹேசல்தான் வைத்திருந்தாள். கூப்பிடுகிறவர்களுக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டுமே. பைக்குள் துழாவி எடுத்தாள். திரையில் இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டிய ஆட்டுக்குட்டி ஒன்று கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது.

"தெல்மா! உங்களைக் காணோமே! மந்தையே உங்களைத் தேடுது. இன்னைக்கே வாங்க, இலவச ஆட்டம் காத்திருக்கு!"

ஆட்டின் வாயை எப்படி அடைப்பது என்று தெரியாமல், கைபேசியைப் பெஞ்சின்மேல் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள் ஹேசல். அக்காவின் கடைசிப் பிரார்த்தனை முழுவதும் அவளுக்கு அடியில் ஆடு கத்திக்கொண்டிருந்தது. திரை மூடியதை அவள் சரியாகப் பார்க்கவில்லை. அது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. உறைத்த பிறகு விடவில்லை.

ஆடு கத்தும் அந்தச் செயலி, கம்பளிக்குட்டி பிங்கோ, ஒன்றும் பெரிய மர்மமில்லை. கிளீதார்ப்ஸ் கடற்கரைச் சாலையில் இருந்த, கூவும் எண்களைச் சீட்டில் அடித்துப் பணத்துக்கு ஆடும் பழைய பிங்கோ மண்டபத்தை அந்த நிறுவனம் வாங்கியது, பூட்டியது, 'இனி மண்டபம் உங்கள் உள்ளங்கையில்' என்று கதவில் ஒரு அட்டையை ஒட்டியது. மண்டபத்துப் பெண்கள் தங்கள் தடித்த மைப்பேனாக்களை அலமாரியில் போட்டுவிட்டுக் கைபேசிக்குள் குடியேறினார்கள். அங்கே வாடிக்கையாளர் என்ற சொல்லே கிடையாது. எல்லாரும் மந்தை. ஊழியர்கள் மேய்ப்பர்கள். ஆட ஆட நூல்கண்டு சேரும். நூல்கண்டு சேரச் சேர ஆட்டுக்குட்டியாக இருப்பவர் மறி ஆவார், மறி வெள்ளிக் கம்பளி ஆகும், வெள்ளி பொன்னாகும். கம்பளி நன்றாக வளர்ந்த பிறகு ஆட்டுக்கு வழக்கமாக என்ன நடக்கும் என்பது பற்றி விதிமுறைகளில் எதுவும் இல்லை.

ஆனால் தெல்மாவை யாரும் கத்தரித்துவிட முடியவில்லை. ஒரு பென்னி சீட்டுக்குமேல் அவள் வாங்கியதே இல்லை. இலவச ஆட்டம் எத்தனை உண்டோ அத்தனையும் ஆடுவாள். "அவன் நம்ம பாக்கெட்டுல கை விடறதுக்கு முன்னாடி நாம அவன் பாக்கெட்டுல கை விட்டுடணும்டி," என்பாள். வீடு முழுக்க அவள் கறந்தவை: ஆட்டு முகம் போட்ட கோப்பைகள், ஆட்டுக் காது வைத்த குடை, தேநீர்ப் பானைக்குப் போடும் ஆட்டு உருவக் கம்பளி உறை. வாரம் ஒரு தடவை இலவச சாசேஜ் ரோல் கூப்பன் வரும். வாங்கி வந்து கத்தியால் சரியாக நடுவில் வெட்டுவாள். மண்டபத்து வழக்கம் அது. பக்கத்து இருக்கைக்காரியோடு பாதிப் பாதி. யார் சீட்டை முடித்து 'ஹவுஸ்' என்று கத்தினாலும் கிடைப்பது இருவருக்கும். ஹேசல் பிறந்ததிலிருந்தே தெல்மாவின் பக்கத்து இருக்கைக்காரி.

ஹேசல் கோபப்படுகிற வகை இல்லை. பேருந்தில் யாராவது அவள் காலை மிதித்தால் அவள்தான் மன்னிப்புக் கேட்பாள். எரியூட்டிய மறுநாள் காலையிலும் ஆடு கத்தியபோது, எழுதினால் புரிந்துகொள்வார்கள், மனிதர்கள்தானே என்று நினைத்து அமைதியாக உதவிப் பெட்டியைத் திறந்தாள்.

"மேய்ப்பர் டிலன் வந்தாச்சு! மே! எப்படி உதவட்டும்?"

"எங்க அக்கா தெல்மா இறந்துட்டா. தயவுசெஞ்சு அவ கணக்கை மூடிடுங்க."

"கேக்கவே வருத்தமா இருக்கு! தெல்மா மனசு மாறித் திரும்பி வந்தா அவங்களுக்கு ஒரு சிறப்பு வரவேற்பு தயாரா இருக்கு!"

"அவ திரும்பி வர மாட்டா."

"புரியுது! வராததுக்கு என்ன காரணம்? ஒண்ணைத் தேர்ந்தெடுங்க: பரிசு போதலை. ஆட்டம் சலிச்சுப் போச்சு. வேற இடத்துக்குப் போயிட்டேன்."

ஹேசல் நேர்மையானவள். மூன்றில் உண்மைக்கு மிக அருகில் இருப்பது மூன்றாவதுதான் என்று யோசித்து அதைத் தொட்டாள்.

"அங்க என்ன குடுத்தாலும் நாங்க அதைவிடக் கூடுதலாக் குடுப்போம்!" என்றான் டிலன்.

ஏதாவது ஆவணம் இருந்தால் அனுப்பும்படி கேட்டான். இறப்புச் சான்றிதழைப் படமெடுத்து அனுப்பினாள். சுற்றிச் சுற்றி ஒரு நூல்கண்டு உருண்டது. பிறகு திரை முழுக்க வண்ணக் காகிதம் தூவினார்கள். "அரசு ஆவணம் ஏற்கப்பட்டது! பெயர் பொருந்துகிறது! பிறந்த தேதி பொருந்துகிறது! வாழ்த்துகள் தெல்மா, நீங்கள் முழுமையாகச் சரிபார்க்கப்பட்ட உறுப்பினர்!" அதற்காகக் கொஞ்சம் நூல்கண்டும் கொடுத்தார்கள்.

கணக்கை மூடுவது எப்படி என்று விதிமுறைகளின் அடிமடியில் இருந்தது. மனித மேய்ப்பர் ஒருவரிடம் தொலைபேசியில் பேச வேண்டும். மனித மேய்ப்பரிடம் பேசும் சலுகை பொன் கம்பளி உறுப்பினர்களுக்கு மட்டுமே உண்டு. தெல்மா சாகும்போது மறி.

"போனைத் தூக்கிக் கடல்ல போட்டுட்டுப் போவியா," என்றாள் மர்லீன். மண்டபக் காலத்துத் தோழி. மின்சார வண்டியை மீன் வறுவல் கடையின் மேசைவரை ஓட்டி வந்து, இறங்காமலே சாப்பிடுகிறவள்.

"அதுல அவ விரல் ரேகை இருக்கு. கண்ணாடியில."

"துடைக்காம வச்சிருக்கியா? கிறுக்கச்சி."

"அதோட தபால்ல வேற வருது மர்லீன். ஆடு போட்ட உறை. 'தெல்மா, எங்களை மறந்துட்டீங்களா?'ன்னு கேட்டு."

"சரி, உனக்கு என்னதான் வேணும்? பணம் கிணம் கேக்கலாமா?"

ஹேசல் வினிகர் ஊறிய உருளைக்கிழங்கை முள்ளால் குத்திக்கொண்டே இருந்தாள். தனக்கு என்ன வேண்டும் என்று யாரும் அவளைக் கேட்டுப் பழக்கமில்லை. தெல்மாவே கேட்டதில்லை, அவளே சொல்லிவிடுவாள். "அங்க இருக்கற ஒரு மனுஷன்," என்றாள் கடைசியில், "ஒரே ஒரு மனுஷன், தெல்மா செத்துட்டா, மன்னிச்சிடுங்கன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

"அதுக்கு நீ பொன் கம்பளி ஆகணுமேடி."

"நான் இல்லை. அவ ஆகணும்."

மர்லீன் மெல்வதை நிறுத்தினாள். "செத்தவளையா ஆட வைக்கப் போற?"

"அவங்களுக்குத்தான் வித்தியாசம் தெரியலையே."

சொன்ன பிறகு ஹேசலுக்கே ஆச்சரியமாக இருந்தது. குரல் தெல்மாவுடையதுபோல் இருந்தது.

அன்று மாலை செயலியின் இலவச ஆட்ட அறைக்குள் முதலில் தன் கணக்கில்தான் நுழைந்தாள். பழைய மண்டபத்துப் பெண்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். செய்தியை எழுதினாள். அடுக்கடுக்காக ஆறுதல் வந்தது. அறையை நடத்துகிற பெண் மேய்ப்பருக்கும் விஷயம் புரிந்ததுபோல்தான் இருந்தது.

"ஐயோ, நம்ம தெல்மாவா! மந்தையே, அவங்களுக்காக ஒரு நிமிஷம் மௌனம்! வாயே திறக்காம இருக்கறவங்களுக்கு நூல்கண்டு! ரெடி, மே!"

அழுகிற முகங்களும் பூங்கொத்துப் படங்களும் அனுப்பாமல் யாராலும் இருக்க முடியவில்லை. ஒரே ஒரு கணக்கு மட்டும் அசையவில்லை. சமையலறை மேசைமேல் திறந்து கிடந்த தெல்மாவின் கைபேசி.

"வெற்றி பெற்றவர், தெல்மா! கலக்கிட்டீங்க தெல்மா!"

ஹேசல் அந்தக் கைபேசியை எடுத்து, வாழ்க்கையில் முதல்முறையாக அக்காவின் பெயரில் எழுதினாள். "ரொம்ப நன்றி கண்ணு. இங்க வேற வேலையும் இல்லை."

பிறகு மர்லீன் எழுதினாள்: "வாடி தெல்மா. அங்க குளிரா?" பின்னாலேயே மற்றவர்களும். யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மண்டபத்தைப் பூட்டியதை அவர்களும் மறந்திருக்கவில்லை.

அப்படியாகத் தெல்மா உயர்ந்தாள். அக்காவின் முறைப்படியேதான் ஆடினாள் ஹேசல். இலவசம் முதலில், பென்னிச் சீட்டு பிறகு, சொந்தக் காசு கூடவே கூடாது. 'ரெண்டு குண்டம்மா, எண்பத்தெட்டு' என்று பட்டப்பெயரோடு எண் விழும்போதெல்லாம் தெல்மா எழுதுவதுபோலவே, "என்னைத்தான் கூப்பிடறான்," என்று எழுதினாள். தெல்மா சொல்லத் துணிந்ததையெல்லாம் சொன்னாள். மேய்ப்பரிடம், "பிள்ளை, உனக்கு இதுக்கு சம்பளம் வேற தர்றாங்களா?" என்று கேட்டாள். ஹேசலாக இருக்கும்போது வாயைவிட்டு வராத சொற்கள் தெல்மாவின் விரலடியில் தயாராக உட்கார்ந்திருந்தன. இத்தனை வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தான் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கவில்லை, சேர்த்தும் வைத்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

துக்கம் குளிராக இருந்தது. கோபம் சூடாக இருந்தது. அதனால் அவள் கோபத்தின் பக்கமே நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

தெல்மாவின் பிறந்தநாள் வந்தது. 'இன்னும் நூறாண்டு எங்களோடு!' என்று எழுதிய கோப்பையொன்று வந்தது. ஆட்டத்துக்கு அடிமையாகிறவர்களைக் கவனிக்கப் பொறுப்பான ஆட்டத் துறை என்றொரு துறையும் இருந்தது. அதிலிருந்து நலம் விசாரிப்பு வந்தது. "தெல்மா, நீங்க தினமும் ஆடறதைக் கவனிச்சோம். எங்களுக்கு உங்கமேல அக்கறை இருக்கு. சில கேள்விகள்."

சமீப காலமாக உங்கள் பசி குறைந்துள்ளதா? ஆம் என்று தொட்டாள் ஹேசல். நண்பர்கள், உறவினர்களைச் சந்திப்பது குறைந்துள்ளதா? ஆம். படுக்கையைவிட்டு எழுவது கடினமாக உள்ளதா? மிகவும். இவை எப்போது தொடங்கின? இறந்ததிலிருந்து என்று எழுதினாள்.

பதில் உடனே வந்தது. "நன்றி தெல்மா! கைக்காசு எதுவும் செலவழிக்காததால் நீங்கள் முழு ஆரோக்கியமான உறுப்பினர். தொடர்ந்து ஆடுங்கள்!"

கூப்பன் வந்த நாட்களில் சாசேஜ் ரோலை வாங்கி நடுவில் வெட்டினாள். தன் பாதியைத் தின்றாள். மறுபாதியைக் கடற்பறவைகள் தின்றன. அவை நன்றி சொல்லவில்லை என்றாலும் வாழ்த்தும் அனுப்பவில்லை.

ஒரு காலையில் ஆடு கத்தவில்லை. தேநீர் போட்டாள், கத்தவில்லை. துணி துவைத்துக் காயப்போட்டாள், கத்தவில்லை. கைபேசியைத் தட்டிப் பார்த்தாள். ஜன்னலோரம் வைத்துப் பார்த்தாள். மதியம் நெருங்கும்போது கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இந்த உலகத்தில் தெல்மாவின் பெயரைத் தினமும் கூப்பிடுவது அந்த ஆடு ஒன்றுதான். அந்த எண்ணம் வந்ததும் அவளுக்கு அவமானமாக இருந்தது. அவமானம் அவர்கள்மேல் இன்னும் கொஞ்சம் கோபமாக மாறியது. இதையும் அல்லவா என்னிடமிருந்து கறந்துவிட்டார்கள் என்று நினைத்தாள். மாலையில் ஆடு கத்தியது. செய்தி வேறாக இருந்தது.

"வாழ்த்துகள் தெல்மா! நீங்கள் பொன் கம்பளி!"

மறுநாளே அழைப்பு வந்தது. முதலில் காத்திருப்புப் பாட்டு, ஆட்டுக்குட்டிகள் கூட்டமாகப் பாடுவது. பிறகு மனிதக் குரல்.

"மே! வணக்கம் தெல்மா! நான் கிரிஸ்பின். உங்க தனிப்பட்ட உறவு மேய்ப்பர். உங்ககிட்ட பேசறது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?"

இத்தனை நாள் ஏறி வந்தது இந்தக் குரலுக்காக. "தம்பி, நான் தெல்மா இல்லை. அவ தங்கச்சி ஹேசல். தெல்மா இறந்துட்டா. அவ கணக்கை மூடணும். அதோட நீங்க ஒரு வார்த்தை..."

"ஓ." காகிதம் புரளும் சத்தம். "தகவலுக்கு நன்றி மேடம். ஆனா கணக்கு விஷயம் நான் கணக்குக்காரங்களோட மட்டும்தான் பேச முடியும். தகவல் பாதுகாப்பு. உங்களுக்கே புரியும்."

"அவ செத்துட்டாப்பா."

"புரியுது மேடம். அதை அவங்களே சொல்லணும்."

"எதை?"

"இறந்துட்டேன்னு. அவங்க வாயால ஒரு தடவை உறுதிப்படுத்தினாப் போதும். ரெண்டே நிமிஷ வேலை. பிறந்த தேதி கேப்போம், முதல்ல வளர்த்த நாயோட பேர் கேப்போம், அவ்வளவுதான்."

ஹேசல் ஜன்னலைப் பார்த்தாள். அங்கே எரியூட்டு மண்டபத்தார் கொடுத்த பச்சை நிறப் பிளாஸ்டிக் ஜாடியில் தெல்மா இருந்தாள். வெறும் ஜாடியாகப் பார்க்கச் சகிக்காமல் அதன்மேல் தேநீர்ப் பானையின் ஆட்டு உறையை மாட்டி வைத்திருந்தாள் ஹேசல். காதுகள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"இன்னொரு நல்ல சேதி," என்றான் கிரிஸ்பின், குரலில் மறுபடியும் ரிப்பனைக் கட்டிக்கொண்டு. "இந்த வருஷத்தோட வாழ்நாள் விசுவாசி விருது தெல்மாவுக்குத்தான்! டான்காஸ்டர்ல ஓட்டல்ல விழா. எங்க தலைமை மேய்ப்பரே வெளிநாட்டுலேர்ந்து வர்றாரு. எல்லா அறையிலயும் நேரடி ஒளிபரப்பு. தெல்மா கண்டிப்பா வரணும். துணைக்கு ஒருத்தர் வரலாம்."

ஹேசலுக்குள் ஏதோ ஒன்று மெதுவாக, மிகவும் சௌகரியமாக, கால் நீட்டி உட்கார்ந்தது.

"கூட்டிட்டு வரேன் தம்பி," என்றாள். "அவளுக்கு வெளியில போயி ரொம்ப நாளாச்சு."

டான்காஸ்டர் ஓட்டல் வாசலில் ஆட்டு வேடம் போட்ட ஒருவர் வியர்த்துக்கொண்டு நின்றார். வரவேற்பு மேசைப் பெண் பெயர் அட்டைகளைப் பரப்பி வைத்திருந்தாள்.

"உங்க பேர்?"

"ஹேசல். துணைக்கு வந்தவ."

"தெல்மா எங்கே?"

ஹேசல் சக்கரப் பையின் வாயைத் திறந்து ஜாடியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இதோ."

அந்தப் பெண் ஜாடியைப் பார்த்தாள், ஹேசலைப் பார்த்தாள், தன் மேலதிகாரியைத் தேடினாள், கிடைக்கவில்லை. அட்டை இல்லாமல் யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது மட்டும்தான் அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. 'தெல்மா, பொன் கம்பளி' என்ற அட்டையை ஆட்டு உறையின் கழுத்தில் குத்திவிட்டாள். "மே," என்றாள் பலவீனமாக.

மர்லீன் தன் வண்டியோடு முன் வரிசையை அடைத்துக்கொண்டிருந்தாள். அவள் போன மாதம்தான் பொன் கம்பளி. சொந்தக் காசை விட்டு ஆனவள். "அவளை உள்ளயா வச்சிருக்க?" என்று கிசுகிசுத்தாள். "அம்மாடி. நீ சும்மா பேச்சுக்குச் சொல்றேன்னு நெனச்சேன்."

விளக்கு மங்கியது. தலைமை மேய்ப்பர் ரூபர்ட் மேடைக்கு வந்தார். வெயில் ஊரின் பழுப்பு நிறம், கழுத்தில் டை இல்லாத நட்பு. உட்காராமல் நடந்துகொண்டே பேசினார்.

"விசுவாசம்னா என்ன? என்னைப் பலர் கேக்கறாங்க. நான் சொல்றேன், விசுவாசம்னா கேள்வி கேக்காம இருக்கறது. நாங்க மண்டபங்களை மூடினப்ப சிலர் கேள்வி கேட்டாங்க. இன்னைக்கு அவங்க எங்கே? இதோ, இங்கதான் இருக்காங்க. ஏன்னா போறதுக்கு வேற இடம் இல்லை. அதுதான் குடும்பம்!"

ஆட்டு வேடக்காரர் கைதட்டினார்.

"தெல்மாவை எனக்குத் தனிப்பட்ட முறையில நல்லாத் தெரியும். எங்க மந்தையில ஒவ்வொருத்தரையும் எனக்குத் தெரியும். எங்க ஆய்வு சொல்லுது, போன வருஷத்தைவிட இந்த வருஷம் தெல்மா ரொம்ப உற்சாகமா இருக்காங்க. ஒரு புகார் கிடையாது. ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தினதில்லை. ஆரோக்கியப் பரிசோதனையில முழு மதிப்பெண். எப்பக் கூப்பிட்டாலும் இருந்த இடத்துலயே இருப்பாங்க. உங்க எல்லாரையும் ஒருநாள் தெல்மா மாதிரி ஆக்கிடணும். அதுதான் எங்க கனவு. அதுக்குத்தான் நாங்க ராப்பகலா உழைக்கிறோம்!"

மர்லீனின் வண்டி ஹாரன் தானாக அடித்தது. அல்லது தானாக அடித்ததுபோல் இருந்தது.

ஹேசல் மேடை ஏறினாள். இத்தனை பேர் முன்னால் அவள் நின்றதில்லை. நிற்பது தெல்மாவின் வேலை. ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டாள். அதன் கனம் அவளைத் தரையில் நிறுத்தியது.

ரூபர்ட் கைகளை விரித்தார். "தெல்மா! என்ன இது, எனக்குப் பரிசா? பாருங்க, எங்க ஆட்டுக்குட்டி உறை! உள்ள என்ன, பிஸ்கட்டா?"

அவள் பதில் சொல்லுமுன் ஜாடியை வாங்கிக்கொண்டார். குலுக்கிப் பார்த்தார். "நல்ல கனம்!" என்றார். கேமராவுக்காக அதை நெஞ்சோடு சேர்த்து அணைத்து, ஆட்டுக் காதுகளுக்கு நடுவே முத்தமிட்டார். வாழ்நாள் விசுவாசி என்று பொன்னெழுத்தில் எழுதிய பட்டையைச் சிரித்தபடி அதற்கே மாட்டிவிட்டார். கூட்டம் சிரித்தது. முன் வரிசை மட்டும் சிரிக்கவில்லை.

அப்போது ஹேசலின் கைப்பைக்குள் ஆடு கத்தியது.

உச்ச சத்தத்தில். ஒலிபெருக்கி அதை வாங்கி, எரியூட்டு மண்டபத்தின் கூரையைவிடச் சிறப்பாகத் திருப்பிக் கொடுத்தது. இந்த முறை ஹேசல் அதன்மேல் உட்காரவில்லை. எடுத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் போய் நிதானமாகப் படித்தாள்.

"தெல்மா! உங்களைக் காணோமே! மந்தையே உங்களைத் தேடுது."

கண்ணாடியைக் கழற்றினாள். "எங்கயும் தேட வேணாங்க," என்றாள். "உங்க கையிலதான் இருக்கா. கிரிம்ஸ்பியில எரிச்சு, சாம்பலை அதுலதான் போட்டுக் குடுத்தாங்க. சான்றிதழ்கூட உங்ககிட்ட இருக்கு. நீங்கதான் சரிபார்த்தீங்க."

ரூபர்ட்டின் முகம் சிரிப்பை விடவில்லை. விடுவது எப்படி என்று அதற்குத் தெரியவில்லை. ஜாடியைக் கீழே போடவும் முடியாது, பிடித்துக்கொண்டிருக்கவும் முடியாது. உதட்டைத் துடைக்கக் கை வேண்டும், இரண்டு கையிலும் தெல்மா. ஒளிபரப்பை நிறுத்தச் சொல்லி யாரோ ஓடினார்கள். நிறுத்தும் பொத்தானை அழுத்த இன்னொருவரின் ஒப்புதல் தேவைப்பட்டது. அதுவரை நாட்டின் எல்லா அறைகளிலும் தலைமை மேய்ப்பர் அப்படியே நின்றார்.

"ரெண்டு கையாலயும் பிடிங்க," என்றாள் ஹேசல். "அவ கனமானவ."

முன் வரிசையிலிருந்து மர்லீன் மண்டபக் காலத்துத் தொண்டையால் கத்தினாள்.

"ஹவுஸ்!"

அந்த ஒளிபரப்புத் துண்டு ஊர் ஊராகச் சுற்றியது. மீன் வறுவல் கடையில் ஹேசலுக்கு மீனை இலவசமாகக் கொடுத்தார்கள். பத்திரிகைகள் கூப்பிட்டன. அதற்குப் பின்னாலேயே கிரிஸ்பின் கூப்பிட்டான். இந்த முறை 'மே' இல்லை.

"மேடம், தெல்மாவோட கணக்கை இப்பவே மூடிடறோம். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

ஹேசல் தேநீர்க் கெண்டியை அடுப்பில் வைத்தாள். ஆத்திரம் தீர்ந்துவிட்டதா என்று உள்ளே தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தீரவில்லை. நல்ல வெதுவெதுப்பாக இருந்தது.

"நான் எப்படிச் சொல்ல முடியும் தம்பி? கணக்கு அவ பேர்ல. தகவல் பாதுகாப்பு. உங்களுக்கே புரியும்."

"மேடம், ப்ளீஸ். தலைமை மேய்ப்பரே லைன்ல இருக்காரு."

"அப்படியா. அவருக்கு அவளைத் தனிப்பட்ட முறையில தெரியுமே. அவகிட்டயே பேசச் சொல்லுங்க."

கைபேசியை ஜன்னலோரம் கொண்டுபோய், ஆட்டு உறைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். பொன்னெழுத்துப் பட்டை இன்னும் அதன்மேல் இருந்தது. கழற்ற அவளுக்கு மனம் வரவில்லை. அக்கா கறந்ததில் அதுதான் பெரியது. சமையலறைக்குத் திரும்பி இரண்டு கோப்பைகளை எடுத்தாள். ஒன்றைத் திரும்ப வைத்தாள். கெண்டி கொதிக்கும்வரை அவசரப்படவில்லை. காத்திருப்புப் பாட்டை மெல்ல முணுமுணுத்தாள். சுருதி சேரவில்லை, தெல்மாவுக்கும் சேராது.

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம். யாரோ யாரையோ தூண்டும் கிசுகிசு. பிறகு தலைமை மேய்ப்பரின் குரல், ஒளிபரப்பு இல்லாமல், ரிப்பன் இல்லாமல், வந்தது.

"தெல்மா... நீங்க இறந்துட்டீங்க. எங்களை மன்னிச்சிடுங்க."

ஹேசல் கோப்பையைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். இதுதான். இந்த ஒரு வரிக்காகத்தான். எரியூட்டு மண்டபத்துத் திரை அப்போதுதான் மெல்ல, முழுவதுமாக மூடியதுபோல் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஜன்னலருகே போய்க் கைபேசியின் பக்கம் குனிந்தாள்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க," என்றாள். "அவளுக்கு இடது காது கேக்காது."